சுண்டெலிப் புரதம் சொல்லும் பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்

முன்னுரை

சென்ற ஆண்டு என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிய நாட்களில் நான் மருத்துவமனையில் அவருக்குத் துணையாக இருந்தேன். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பிறகும், மறுநாள் தொடங்கிச் சில நாட்கள் தோலுக்கடியில் சிறிய ஊசி ஒன்று போட்டார்கள். எதற்கென்று கேட்டபோது, "வெள்ளணு ஏறுறதுக்கு" என்று சொல்லிவிட்டுச் செவிலியர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீதான் காலேஜுல இதெல்லாம் படிக்கிறியே. அந்தத் துளி மருந்துல அப்படி என்ன இருக்கு? நீ சொல்லேன்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆனாலும் என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அட்டைப் பெட்டியில் இருந்த 'பில்கிராஸ்டிம்' என்ற பெயரை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். கல்லூரி திறந்ததும் அதைப் பேராசிரியரிடம் காட்டினேன். "இதன் கதை தெரிய வேண்டுமானால் முதலில் சுண்டெலியைப் படி. இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, அதில் தொடங்கு" என்றார் அவர். அந்த உடன்பிறப்பின் பெயர் ஜி.எம்.சி.எஸ்.எப். என்பதாகும். நோய் எதிர்ப்புச் செல்களை ஆராயும் கூடங்களில், மறுசேர்க்கை முறையில் செய்யப்பட்ட சுண்டெலி ஜி.எம்.சி.எஸ்.எப். இன்று அன்றாடம் புழங்கும் பொருள். அதனைப் பற்றிப் படித்தறிந்தவற்றை என்னொத்த மாணவ நண்பர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்களுக்கிடையே ஒரு கடிதப் போக்குவரத்து

நம் உடலில் குருதிச் செல்கள் யாவும் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன என்பதை நாம் அறிவோம். வெள்ளணுக்களுள் நியூட்ரோபில் என்னும் வகை, நோய்க் கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் காவற்படை. இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. ஆகவே நலமுள்ள ஒரு மனிதரின் மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கிருமி நுழைந்துவிட்டால் இந்த உற்பத்தி மேலும் பெருகும். ஆபத்து நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

எங்கோ ஒரு விரலில் முள் குத்தினால், எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜைக்கு அச்செய்தி எவ்வாறு தெரிகிறது? செல்கள் சில சிறு புரதங்களைச் சுரந்து வெளியே விடுகின்றன. அப்புரதங்கள் வேறு செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் சென்று பொருந்துகின்றன. பூட்டுக்குரிய சாவி நுழைந்தது போல, உடனே அச்செல்லின் உள்ளே 'பெருகு', 'முதிர்ச்சி அடை', 'இறவாமல் இரு' என்பன போன்ற கட்டளைகள் செயற்படத் தொடங்குகின்றன. செல்லுக்குச் செல் கடிதம் போலச் செல்லும் இப்புரதங்களுக்கே சைட்டோகைன்கள் என்று பெயர்.

பெட்ரி தட்டில் தோன்றிய கூட்டங்கள்

1960களின் நடுப்பகுதி வரை, மஜ்ஜைச் செல்களை உடலுக்கு வெளியே வளர்ப்பது எளிதாக இல்லை. 1965ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டில் புளூஸ்னிக், லியோ சாக்ஸ் ஆகியோரும், 1966ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரே பிராட்லி, டொனால்டு மெட்காப் ஆகியோரும், தனித்தனியே ஒரு வழியைக் கண்டனர். கெட்டியாகாத அகார்க் கூழில் சுண்டெலியின் செல்களைக் கலந்து வைத்தனர். கூழில் செல்கள் இடம்விட்டு இடம் நகர முடியாது. ஆகையால் ஒரு செல் பிரிந்து பெருகினால் அதன் சந்ததி முழுவதும் அதே இடத்தில் ஒரு கூட்டமாகத் திரண்டு நிற்கும். இதனைக் 'காலனி' என்பர். தட்டில் எத்தனை காலனிகள் உண்டோ அத்தனை தாய்ச் செல்கள் இருந்தன என்று எண்ணிச் சொல்லலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மஜ்ஜைச் செல்களை மட்டும் வைத்தால் காலனிகள் தோன்றவில்லை. வேறு சில திசுக்களின் செல்களையும் உடன் வைத்தால், அல்லது அத்திசுக்கள் வளர்ந்த நீரைச் சேர்த்தால் மட்டுமே அவை தோன்றின. அப்படியானால் அந்நீரில் ஏதோ ஒரு பொருள் மஜ்ஜைச் செல்லைப் பெருகத் தூண்டுகிறது அன்றோ! அப்பொருளுக்குக் 'காலனி தூண்டும் காரணி' என்று பெயரிட்டனர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே சி.எஸ்.எப். என்பது. பின்னர் இது ஒரு பொருளன்று, ஒரு குடும்பம் என்பது தெரியவந்தது. நியூட்ரோபில் முதலான துகளணுக்களின் காலனியைத் தூண்டுவது ஜி.சி.எஸ்.எப்.; மாக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிச் செல்களைத் தூண்டுவது எம்.சி.எஸ்.எப்.; இருவகையையும் தூண்டுவது ஜி.எம்.சி.எஸ்.எப்.; பலவகைகளைத் தூண்டுவது இன்டர்லூக்கின் 3. தட்டில் என்ன கண்டார்களோ அதுவே பெயராயிற்று என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

ஒரு துளிக்காக எத்தனை நுரையீரல்கள்!

ஒரு பொருள் இருக்கிறது என்று அறிவது வேறு. அதனைத் தூயதாகப் பிரித்தெடுப்பது வேறு. சைட்டோகைன்கள் உடலில் மிகமிகச் சிறிய அளவில் சுரப்பவை. மெட்காப், ஆன்டனி பர்கஸ் முதலியோர் சுண்டெலிகளுக்கு எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியா நச்சைச் செலுத்தினர். நச்சைக் கண்ட உடல் காரணியை மிகுதியாகச் சுரக்கும் என்பதே அதன் காரணம். பிறகு அவற்றின் நுரையீரல்களை எடுத்து ஊடகத்தில் வைத்து, அந்நீரிலிருந்து காரணியைப் படிப்படியாகப் பிரித்தனர். 1977இல் இப்பணி வெளிவந்தது. 1983இல் இதே சுண்டெலி நுரையீரல் நீரிலிருந்து நிக்கோலா, மெட்காப் முதலியோர் ஜி.சி.எஸ்.எப். புரதத்தையும் பிரித்துக் காட்டினர்.

இவ்வளவு உழைத்தும் கிடைத்தது கண்ணுக்குத் தெரியாத அளவே. உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு இம்முறையில் வழங்குவதென்றால் அதற்கு எலிகளும் போதா, காலமும் போதாது. இந்த முட்டுக்கட்டையை நீக்கியது மறுசேர்க்கை டி.என்.ஏ. முறையாகும்.

பாக்டீரியாவிடம் வேலை வாங்குதல்

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் ஆகியோர், ஓரிடத்து டி.என்.ஏ. துண்டை வெட்டி, பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ.வில் ஒட்டி, அதனை எஸ்செரிச்சியா கோலி என்ற பாக்டீரியாவுக்குள் புகுத்திப் பெருக்கும் முறையைக் காட்டினர். பாடநூலில் நாம் படிக்கும் அம்முறையை இப்புரதத்தோடு பொருத்திச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவதாக, ஜி.எம்.சி.எஸ்.எப். சுரக்கும் சுண்டெலிச் செல்களிலிருந்து தூது ஆர்.என்.ஏ. எடுக்கப்படுகிறது. இரண்டாவதாக, தலைகீழ் நகலாக்க நொதியின் உதவியால் அதற்கு இணையான டி.என்.ஏ. ஆக்கப்படுகிறது. மூன்றாவதாக, அந்த டி.என்.ஏ. பிளாஸ்மிட்டில் ஒட்டப்பட்டுப் பாக்டீரியாவுக்குள் செலுத்தப்படுகிறது. நான்காவதாக, ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் கூட்டங்களுள் நமக்கு வேண்டிய மரபணு எதில் உள்ளது என்று தேடிக் கண்டுபிடிக்கப்படுகிறது. வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை இதுவே. சுண்டெலி ஜி.எம்.சி.எஸ்.எப்.புக்கு இவ்வேலையை 1984ஆம் ஆண்டில் நிக்கோலஸ் கௌ, ஆஷ்லி டன் முதலியோர் மெல்போர்னில் முடித்தனர். மனிதனின் இதே மரபணு அடுத்த ஆண்டு, 1985இல், பிரித்தெடுக்கப்பட்டது.

செல்லில் முதலில் உருவாகும் இப்புரதம் 141 அமினோ அமிலங்கள் கொண்டது. அதில் முதல் 17, 'இதனை வெளியே அனுப்பு' என்னும் முகவரிச் சீட்டு போன்றவை. வெளியேறும்போது அவை வெட்டப்பட்டுவிடும். மீதமுள்ள 124 அமினோ அமிலங்களே பணி செய்யும் புரதம். ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து வீதம் 372 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. வாசகம் இதற்குப் போதும். பாக்டீரியாவுக்கு இந்த வாசகம் மட்டுமே கொடுக்கப்படுகிறது. அதற்குப் பொருள் தெரியாது. படித்துப் புரதமாக்குவதோடு சரி.

ஆனால் பாக்டீரியாவின் வேலையில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அவசரமாக மிகுதியாகச் செய்யப்பட்ட புரதம் சரியாக மடியாமல், செல்லுக்குள் கட்டிகளாகத் திரண்டுவிடக்கூடும். அவற்றைக் கரைத்து, புரதத்தை மெல்ல மெல்ல உரிய வடிவத்துக்கு மடியச் செய்ய வேண்டும். நான்கு சுருள்கள் ஒரு கட்டாக நிற்பதும், இரண்டு கந்தகப் பிணைப்புகள் அவற்றைத் தைத்து வைப்பதும் இப்புரதத்தின் வடிவம். வடிவம் தவறினால் சாவி பூட்டுக்குள் நுழையாது. மற்றொன்று, நம் செல்கள் இப்புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டுகின்றன, பாக்டீரியா ஒட்டுவதில்லை. நல்ல வேளையாக, சர்க்கரை இல்லாமலும் இது செயற்படுகிறது. ஆகவே சிமிழில் கிடைப்பது சுமார் 14,000 மூலக்கூறு எடையுள்ள, சர்க்கரையற்ற புரதமாகும்.

சுண்டெலிக்குச் சுண்டெலியினுடையதே வேண்டும்

மனிதப் புரதத்தையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாகாதா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. மனித ஜி.எம்.சி.எஸ்.எப்.பையும் சுண்டெலியினதையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால், அமினோ அமில வரிசை பாதிக்குச் சற்று மேலாகத்தான் ஒத்திருக்கிறது. பரிணாமப் பாதையில் இரு உயிர்களும் பிரிந்த பிறகு, சாவியும் பூட்டும் சேர்ந்து சேர்ந்து மாறிவிட்டன. இதனால் மனிதப் புரதம் சுண்டெலிச் செல்லைத் தூண்டாது. சுண்டெலிப் புரதம் மனிதச் செல்லைத் தூண்டாது.

எல்லாச் சைட்டோகைன்களும் இப்படியல்ல. பெரியம்மாவுக்குப் போட்ட ஜி.சி.எஸ்.எப்.பை எடுத்துக்கொள்வோம். மனிதனின் ஜி.சி.எஸ்.எப். சுண்டெலியிலும் நன்கு செயற்படுகிறது. உடன்பிறப்புகளாயினும் குணம் வேறு. எனவே எந்தப் புரதம் எந்த உயிருக்குப் பொருந்தும் என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. சோதித்தே அறிய வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இதன் பயன்

1973ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ப் ஸ்டைன்மன், சான்வில் கோஹன் ஆகியோர், சுண்டெலியின் மண்ணீரலில் மரக்கிளை போன்று கை நீட்டிய செல்களைக் கண்டு அவற்றுக்கு டென்ட்ரைட்டிக் செல்கள் என்று பெயரிட்டனர். கிருமியின் துண்டுகளை எடுத்துச் சென்று, 'எதிரி இவன்தான்' என்று டி செல்களுக்குக் காட்டிக் கொடுப்பவை இவையே. இக்கண்டுபிடிப்புக்காக ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வருவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார் என்பது வருந்தத்தக்கது.

இச்செல்கள் மண்ணீரலில் மிகச் சொற்பம், ஆராய்ச்சிக்குப் போதா. 1992ஆம் ஆண்டு கயோ இனாபா, ஸ்டைன்மன் முதலியோர், சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையை ஜி.எம்.சி.எஸ்.எப். சேர்த்து வளர்த்தால் இவ்வகைச் செல்களை ஏராளமாகப் பெறலாம் என்று காட்டினர். அன்றுமுதல் இப்புரதச் சிமிழ் எங்கும் பரவிற்று.

பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையில், பெட்ரி தட்டு ஒன்றில் 10 மில்லிலிட்டர் ஊடகமும், அதில் இருபது லட்சம் மஜ்ஜைச் செல்களும் இடப்படுகின்றன. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் வீதம் புரதம் சேர்க்கப்படுகிறது. 10 மைக்ரோகிராம் உள்ள சிமிழ் என்றால், அது 10,000 நானோகிராம். இருபதால் வகுக்க, 500 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு அது போதும். சிமிழின் அடியில் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறத்தக்க ஒரு வெண்படலம், பத்து மில்லிலிட்டர் வீதம் ஐம்பது முறைக்கு வருகிறது!

இத்துணைச் சிறிய அளவு எப்படிப் போதும் என்று வியந்து, அவகாட்ரோ எண்ணைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். 20 நானோகிராமில் சுமார் 86,000 கோடி மூலக்கூறுகள் உள்ளன. ஒரு மில்லிலிட்டரில் உள்ள செல்களோ இரண்டு லட்சம். பங்கிட்டால் செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 43 லட்சம் சாவிகள். எடையில் அற்பமாகத் தோன்றுவது எண்ணிக்கையில் அற்பமன்று.

பாலுக்கு உறை ஊற்றுவதை இதற்கு உவமையாகச் சொல்லத் தோன்றும். ஒரு கரண்டி மோர் ஒரு பானைப் பாலையும் மாற்றிவிடுகிறது. ஆனால் உவமை பாதிவரைதான் செல்லும். உறைமோரில் இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். அவை தாமே பெருகும். புரதம் பெருகாது. செல்கள் அதனை எடுத்துக்கொள்ளக் கொள்ள அளவு குறையும். அதனால்தான் மூன்றாம் நாள் புதிய ஊடகத்தோடு புரதத்தையும் மீண்டும் சேர்க்கிறார்கள். எட்டு முதல் பத்து நாட்களில் செல்கள் அறுவடைக்கு ஆயத்தமாகின்றன.

கையாள்வோர் கவனிக்க வேண்டியவை

புரதம் உறைய வைத்து உலர்த்திய நிலையில் வருகிறது. சிமிழைத் திறக்குமுன் சுழற்றுப் பொறியில் சற்றே சுழற்றி, மூடியில் ஒட்டியதை அடியில் சேர்க்க வேண்டும். கரைக்கும்போது வேகமாகக் குலுக்கி நுரைக்க விடலாகாது. மிகவும் நீர்த்த நிலையில் புரதம் குழாயின் சுவரிலேயே ஒட்டி வீணாகும் என்பதால், ஆல்புமின் போன்ற துணைப் புரதம் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். கரைத்ததைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைக்க வேண்டும். ஒரே குழாயை உருக்கி உருக்கி மீண்டும் உறைய வைத்தால் புரதம் தன் வடிவத்தை இழக்கும்.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்ய வேண்டும். காரணி இல்லாவிடில் இறந்துவிடும் சுண்டெலிச் செல் வகை ஒன்றை வளர்த்து, எவ்வளவு புரதம் இட்டால் அவை எவ்வளவு பெருகுகின்றன என்று அளந்தே தரம் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எண்டோடாக்சின் பற்றிய எச்சரிக்கை. எஸ்செரிச்சியா கோலியின் மேலுறையிலேயே இந்நச்சு உள்ளது. தூய்மை செய்யும்போது சிறிதளவு தங்கிவிட்டாலும், டென்ட்ரைட்டிக் செல்கள் அதனைக் கிருமி என்று கருதி உடனே விழித்துக்கொள்ளும். ஆய்வாளரோ புரதத்தின் விளைவு என்று எழுதிவிடுவார்! அன்று எலியின் நுரையீரலில் காரணியைப் பெருக்குவதற்காக வேண்டுமென்றே செலுத்திய அதே நச்சை, இன்று கடைசிச் சுவடு வரை நீக்கப் பாடுபட வேண்டியிருக்கிறது. இதைச் சோதிக்க, குதிரைலாட நண்டின் குருதிச் செல்களிலிருந்து எடுத்த சாறு பயன்படுகிறது. நச்சு இருந்தால் அச்சாறு உறைந்துவிடும்.

தட்டு சொன்னதும் எலி சொன்னதும்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். ஜி.எம்.சி.எஸ்.எப்., ஜி.சி.எஸ்.எப். இரண்டும் தட்டில் குருதிச் செல்களைப் பெருக்கின. ஆகவே உடலிலும் அன்றாடக் குருதி உற்பத்தியை இவை இரண்டுமே நடத்துகின்றன என்று எண்ணுவது இயல்பு. இதனைச் சோதிக்க ஒரே வழி, அம்மரபணு இல்லாத சுண்டெலியைப் பிறக்கச் செய்து பார்ப்பதாகும். 1994ஆம் ஆண்டில் இரண்டு புரதங்களுக்கும் இச்சோதனை நடந்தது.

ஜி.சி.எஸ்.எப். இல்லாத எலிகளின் குருதியில் நியூட்ரோபில்கள் வழக்கமான அளவில் ஏறத்தாழ கால் பங்குக்குக் குறைந்துவிட்டன. தட்டு சொன்னது மெய்யாயிற்று.

ஜி.எம்.சி.எஸ்.எப். இல்லாத எலிகளின் முடிவோ வேறு. அவற்றின் குருதிச் செல்கள் ஏறத்தாழ வழக்கம்போலவே இருந்தன! கோளாறு தோன்றியது நுரையீரலில். காற்று நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் ஒன்று நுரையீரலில் சுரக்கிறது. பழையதாகிப்போன அப்பொருளை விழுங்கி அகற்றுவது அங்குள்ள பெருவிழுங்கிச் செல்களின் வேலை. ஜி.எம்.சி.எஸ்.எப். இல்லாவிடில் அவை முதிர்ச்சியடையாமல் அவ்வேலையைச் செய்யத் தவறுகின்றன, நுண்ணறைகள் அடைத்துக்கொள்கின்றன.

மனிதரிடமும் இத்தகைய நுரையீரல் நோய் ஒன்று உண்டு. அது 1958ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களால் விவரிக்கப்பட்டிருந்தது. காரணம் மட்டும் பல்லாண்டுகள் விளங்காமல் கிடந்தது. எலி காட்டிய திசையில் தேடியபோது, 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்நோயாளிகளின் உடல் தன் சொந்த ஜி.எம்.சி.எஸ்.எப்.புக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்று கண்டனர். இப்புரதத்தை மூச்சு வழியாகக் கொடுத்துப் பயன் கண்ட ஆய்வுகளும் பின்னர் வெளிவந்தன. காலனியைத் தூண்டும் காரணி என்று பெயர் பெற்ற பொருள், உண்மையில் நம் மூச்சுப் பைகளின் காவலுக்கு இன்றியமையாதது என்று தெரிந்தது.

தட்டில் வளர்த்த செல்களைப் பற்றியும் இத்தகைய திருத்தம் வந்தது. மஜ்ஜையை ஜி.எம்.சி.எஸ்.எப். இட்டு வளர்த்தால் கிடைப்பவை டென்ட்ரைட்டிக் செல்கள் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவந்தார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவை ஒரே வகையல்ல, டென்ட்ரைட்டிக் செல்களும் பெருவிழுங்கிகளும் கலந்த கூட்டம் என்று காட்டியது. முறை தவறன்று, பெயரிட்டதில் அவசரம் இருந்தது.

முடிவுரை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ உள்ள பானைக்கு அது பொருந்தும். உடல் அப்படிப்பட்ட பானையன்று. தட்டில் ஒரு புரதம் என்ன செய்ய முடியும் என்பது தெரியும். உடலில் அது என்ன செய்கிறது என்பதை உடலிடமே கேட்க வேண்டும். தட்டு இல்லாமல் இப்புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்க மாட்டா. தட்டோடு நின்றிருந்தால் அவற்றைத் தவறாகவே அறிந்திருப்போம். பெயரைப் படித்தவுடன் பொருளை அறிந்துவிட்டதாகக் கருதும் நம் போன்ற மாணவர்களுக்கு, சுண்டெலிப் புரதம் சொல்லும் பாடம் இதுவே என்பேன்.

சென்ற விடுமுறையில் பெரியம்மாவிடம் இவற்றை இயன்றவரை எளிமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு, "அப்போ எனக்குப் போட்டது எலி மருந்தா?" என்றார். "இல்லை பெரியம்மா. எலியிடம் கற்றுக்கொண்டார்கள். உங்களுக்குப் போட்டது மனிதப் புரதம். அதைச் செய்து கொடுத்தது ஒரு பாக்டீரியா. ஆய்வுக்கூடத்து எலிப் புரதச் சிமிழில் 'ஆய்வுக்கு மட்டும்' என்றே எழுதியிருக்கும், அதை மனிதருக்குப் போட மாட்டார்கள்" என்றேன். பில்கிராஸ்டிம் 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்ற மனித ஜி.சி.எஸ்.எப். என்பதையும், புற்றுநோய் மருந்தால் குறைந்துபோகும் நியூட்ரோபில்களை விரைவில் மீட்பதே அதன் வேலை என்பதையும் விளக்கினேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா ஊசி போடுறப்போ இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்" என்றார். இப்போது அவர் குறித்த நாட்களில் பரிசோதனைக்கு மட்டும் சென்று வருகிறார். அன்று எனக்குத் தெரியாமல் போனதை எண்ணி வெட்கப்படுவதைவிட, தெரிந்துகொண்டதைத் தெரியாதவருக்குச் சொல்வதே படித்ததன் பயன் என்று இப்போது உணர்கிறேன். நம் கல்லூரியில் பயிலும் பலர் தத்தம் வீட்டில் முதற் பட்டதாரிகள். மருத்துவமனைக் கட்டிலருகே நம்மை நோக்கியும் ஒருநாள் இத்தகைய கேள்வி வரும். அதற்கு விடை சொல்லும் அளவுக்கேனும் பாடத்தை ஊன்றிப் படிப்போமாக!